ஃபார்ம் போட சொல்லித்தர்ற அன்னிக்கே எங்களையும் சேர்த்துக்கோங்க

தமிழ்ல வெப் டெவலப்மென்ட் சொல்லித்தர்ற எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் லேப்ல எடுக்குற சார், மேடம், வேளச்சேரி, காந்திபுரம், மதுரைன்னு சென்டர் வச்சு பேட்ச் பேட்ச்சா நடத்துறவங்க, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து தூக்கத்த விட்டுட்டு யூடியூப்ல வீடியோ போடுறவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த மடல்.

நான் சென்னையில ஓஎம்ஆர் பக்கம் ஒரு கம்பெனில ஆக்சசிபிலிட்டி டெஸ்டரா இருக்கேன், மாற்றுத்திறனாளிங்களும் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் இருக்கான்னு சோதிக்கிற வேலை. எனக்கு பார்வை கிடையாது. சின்ன வயசுல மாலைக்கண் மாதிரி ஆரம்பிச்சு பதினாறு வயசுக்குள்ள முழுசா போயிடுச்சு. கம்ப்யூட்டர ஸ்கிரீன் ரீடர் வச்சுதான் பயன்படுத்துறேன், திரையில இருக்கிறத குரல்ல படிச்சு சொல்ற சாஃப்ட்வேர் அது. நான் வச்சிருக்கிறது என்விடிஏ. 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சார், அப்புறம் அவரோட நண்பர் ஜேம்ஸ் டெஹ் சேர்ந்துகிட்டார், அவருக்கும் பார்வை இல்ல. காசு குடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க முடியாதவங்களுக்குன்னு இலவசமாவே குடுக்குறாங்க. அது மட்டும் இல்லன்னா என் வீட்டு வசதிக்கு நான் கம்ப்யூட்டர் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

ஏன் உங்களுக்கு எழுதுறேன்னா, மத்தவங்களுக்கெல்லாம் எழுதிப் பாத்துட்டேன். ஒரு வெப்சைட்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா கஸ்டமர் கேருக்கு மெயில் போடுவேன், பத்து நாள் கழிச்சு "டெவலப்மென்ட் டீமுக்கு அனுப்பியிருக்கோம்"னு ஒரு பதில் வரும், அதோட சரி. அந்த டெவலப்மென்ட் டீம்ல உக்காந்திருக்கிற பசங்க கெட்டவங்க கிடையாது, அவங்கள மாதிரி ஆளுங்களோடதான் நான் தினமும் கேன்டீன்ல சாப்பிடுறேன். யாருமே அவங்களுக்கு சொல்லிக்குடுக்கல, அவ்வளவுதான். "நாங்க படிச்சப்ப இதெல்லாம் வரவே இல்ல"ன்னு எத்தன பேர் என்கிட்ட சொல்லியிருக்காங்க தெரியுமா. அவங்க யாருகிட்ட படிச்சாங்கன்னு யோசிச்சப்பதான் இந்த மடல எங்க அனுப்பணும்னு புரிஞ்சுச்சு.

ஒரு நாள் ராத்திரி நடந்தத சொல்றேன். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு போட்டித் தேர்வுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண உக்காந்தேன், மறுநாள் கடைசி தேதி. பேஜ் ஓபன் ஆச்சு, டேப் அடிச்சேன். "எடிட், பிளாங்க்"னு சொல்லுச்சு. திரும்ப டேப் அடிச்சேன், "எடிட், பிளாங்க்". திரும்பவும் அதேதான். மொத்தம் பதினோரு பெட்டி, பதினோரு தடவையும் அதே ரெண்டு வார்த்தை. எது பேரு, எது அப்பா பேரு, எது பின்கோடுன்னு ஒண்ணுமே தெரியல. டேப்ப விட்டுட்டு ஆரோ கீ வச்சு மேல இருந்து ஒவ்வொரு வரியா படிச்சுப் பாத்தா, பெட்டியோட பேரெல்லாம் தனியா ஒரு பத்தியில இருக்கு, பெட்டியெல்லாம் தனியா இன்னொரு பத்தியில இருக்கு. கண்ணால பாக்குறவங்களுக்கு பக்கத்து பக்கத்துல தெரியும்போல, எனக்கு முதல்ல பதினோரு பேரும் வரிசையா வந்துச்சு, அப்புறம் பதினோரு பெட்டியும் வரிசையா வந்துச்சு. சரின்னு விரல் விட்டு எண்ணி, மூணாவது பேரு தாய் பேரு அப்ப மூணாவது பெட்டி தாய் பேரு போடுறதுன்னு ஒரு கணக்கு வச்சு நிரப்பிக்கிட்டே வந்தேன். பிறந்த தேதி வந்துச்சு. அதுல டைப் பண்ண முடியாது, காலண்டர் தொறந்து மவுஸ்ல தேதிய கிளிக் பண்ணணும், கீபோர்டுக்கு அந்த காலண்டர் தொறக்கவே தொறக்காது. அதுக்குள்ள செஷன் முடிஞ்சுபோச்சுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல் பக்கத்துக்கு கொண்டு போய் விட்டுடுச்சு.

எட்டே முக்காலுக்கு தெரு முனையில இருந்த பிரவுசிங் சென்டருக்கு தம்பியோட கைய பிடிச்சுக்கிட்டு ஓடினேன், பாதி ஷட்டர் இறக்கியாச்சு. அங்க இருந்த பையன் நல்ல பையன், திரும்ப கம்ப்யூட்டர ஆன் பண்ணினான். வரிசையில இன்னும் மூணு பேர் நின்னுட்டு இருந்தாங்க. நான் சத்தமா என் ஆதார் நம்பர், அம்மா பேரு, சாதி சான்றிதழ் நம்பர், கடைசியில பாஸ்வேர்ட் வரைக்கும் ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல அவன் அடிச்சான். பணம் கட்ட கார்டு நம்பரும் அப்படித்தான், பின்னாடி இருக்கிற மூணு நம்பரும் அப்படித்தான். எனக்கு கண்ணு தெரியலன்னு அன்னிக்கு அழல, ஒரு பெட்டிக்கு பேரு வைக்காததால என் பாஸ்வேர்ட ரோட்டுக்கு கேக்குற மாதிரி சொல்லவேண்டியதாப் போச்சேன்னுதான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

பின்னாடி வேலைக்கு சேந்து கோடு பாக்க கத்துக்கிட்டதும் நான் முதல்ல தொறந்து பாத்தது அந்த மாதிரி பேஜ்களத்தான். என்ன பிரச்சினைன்னு பாத்தா இவ்வளவுதான், பேர வெறும் டெக்ஸ்டா போட்டிருப்பாங்க. லேபிள் டேக் போட்டு அதுல ஃபார்னு ஒண்ணு, பெட்டியில ஐடின்னு ஒண்ணு, ரெண்டுலயும் ஒரே வார்த்தைய எழுதியிருந்தா என்விடிஏ "தாய் பெயர், எடிட், பிளாங்க்"னு சொல்லியிருக்கும். பதினோரு பெட்டிக்கும் சேர்த்து பத்து நிமிஷ வேலை. நீங்க ஃபார்ம் எடுக்குற அன்னிக்கு ஒரு வாக்கியம் கூட சொல்லியிருந்தா அந்த பத்து நிமிஷம் கூட தனியா தேவைப்பட்டிருக்காது, கை தானா அப்படித்தான் எழுதும்.

அமெரிக்காவுல வெப்எய்ம்னு ஒரு அமைப்பு வருஷா வருஷம் பத்து லட்சம் வெப்சைட்டோட ஹோம்பேஜ எடுத்து டூல் வச்சு சோதிச்சு பாக்குறாங்க. 2025 அறிக்கையில 94.8 சதவீதம் பேஜ்ல தப்பு இருந்துச்சு. அத விட நீங்க கவனிக்கவேண்டியது, அந்த தப்புல பெரும்பாலானது திரும்பத் திரும்ப ஒரு ஆறு வகைக்குள்ளயே வருது. எழுத்துக்கும் பின்னணிக்கும் காண்ட்ராஸ்ட், அதாவது நிற வேறுபாடு, பத்தல, படத்துல என்ன இருக்குன்னு சொல்ற ஆல்ட் டெக்ஸ்ட் இல்ல, ஃபார்ம்ல லேபிள் இல்ல, உள்ள ஒண்ணுமே இல்லாத லிங்க், உள்ள ஒண்ணுமே இல்லாத பட்டன், பேஜ் என்ன மொழின்னு சொல்லல. இந்த ஆறையும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க சார். இதுல எது நீங்க கோர்ஸோட முதல் வாரத்துல எடுக்காதது? உலகம் முழுக்க எங்கள மாதிரி ஆளுங்க முட்டிக்கிட்டு நிக்கிற சுவர்ல பாதிக்கு மேல ஹெச்டிஎம்எல் முதல் வாரப் பாடத்துல கட்டினது.

பட்டன் விஷயத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நான் கேட்ட டுடோரியல்ல இது நிறைய வருது. டிவ்னு தனக்குன்னு ஒரு அர்த்தமும் இல்லாத வெறும் பெட்டி டேக்க போட்டு, அதுக்கு கலர் குடுத்து, ஓரத்த வளைச்சு, ஆன்கிளிக் வச்சு, "பாருங்க பட்டன் ரெடி"ன்னு சொல்லுவீங்க. கண்ணால பாக்குறவங்களுக்கு அது பட்டன்தான். டேப் அடிச்சுக்கிட்டு போற எனக்கு அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல, தாண்டி போயிடும். ஆரோ கீல தேடிப் போனா "கிளிக்கபிள், சமர்ப்பி"னு சொல்லும், பட்டன்னு சொல்லாது. பட்டன் டேக்க போட்டிருந்தா டேப்ல தானா நிக்கும், என்டர் அடிச்சாலும் வேலை செய்யும், ஸ்பேஸ் அடிச்சாலும் வேலை செய்யும், "சமர்ப்பி, பட்டன்"னு படிக்கும், இது எல்லாமே பிரவுசர் சும்மா குடுக்குறது. அத வேணாம்னு தள்ளிட்டு டிவ்வ எடுத்து, அப்புறம் ஒவ்வொண்ணா ரோல் போட்டு டேப்இன்டெக்ஸ் போட்டு கீ அடிச்சா என்ன ஆகணும்னு தனியா ஜாவாஸ்கிரிப்ட் எழுதி, ஸ்கிரீன் ரீடருக்குன்னு டேக்ல குறிப்பு எழுதுற ஏரியா (ARIA) முறையோட சேர்த்து "அட்வான்ஸ்டு டாபிக்"னு கடைசியில தள்ளி வைக்கிறோம். ஏரியா எழுதினவங்களே சொல்ற முதல் விதி என்னன்னா, ஹெச்டிஎம்எல்ல ஏற்கனவே இருக்கிற டேக் போதும்னா அதையே எடுத்துக்கோன்னுதான்.

அதே மாதிரி, டேப் அடிக்கிறப்ப லிங்க், பட்டன சுத்தி ஒரு கோடு வரும்ல, "இந்த நீல கோடு அசிங்கமா இருக்கு, எடுத்துடலாம்"னு சொல்லி சிஎஸ்எஸ் ஆரம்பத்துலயே எல்லாத்துக்கும் அவுட்லைன் நன் போட சொல்லிக்குடுக்காதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன். எனக்கு அந்த கோடு தெரியாது, எனக்காக கேக்கல. என் கூட வேலை பாக்குற ஒருத்தருக்கு கை நடுக்கம், மவுஸ ஒரு இடத்துல நிறுத்த வராது, முழுக்க கீபோர்டுதான். அவருக்கு அந்த நீல கோடுதான் "நீ இப்ப இங்க நிக்கிற"ன்னு சொல்ற ஒரே அடையாளம். அத அழிச்சுட்டா அவர் டேப் அடிக்க அடிக்க எங்க இருக்கோம்னே தெரியாம இருட்டுல நடக்குற மாதிரி நடக்கணும். டிசைனுக்கு பிடிக்கலன்னா வேற கலர்ல, வேற தடிமன்ல போடுங்க, இருக்கணும் அவ்வளவுதான்.

பெட்டிக்குள்ள மங்கலா தெரியுற குறிப்பு, அதான் ப்ளேஸ்ஹோல்டர், அது இருந்தா லேபிள் எதுக்குன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். ப்ளேஸ்ஹோல்டரையும் நிறைய பிரவுசர் ஸ்கிரீன் ரீடருக்கு குடுத்துடுதுதான், அது உண்மைதான். ஆனா முதல் எழுத்து அடிச்ச உடனே அது மறைஞ்சு போயிடும், பாதி ஃபார்ம் நிரப்பிட்டு "இதுல என்ன கேட்டாங்க"ன்னு மறந்துபோன வயசானவங்க எல்லாத்தையும் அழிச்சுட்டு பாக்கணும். அதோட அது பெரும்பாலும் வெளிர் சாம்பல்ல இருக்கும், வெள்ளை மேல ஹேஷ் 999ங்கிற சாம்பல் கலர போட்டா காண்ட்ராஸ்ட் 2.85தான் வரும், வெப் அணுகலுக்கான உலகத் தரமான டபிள்யூசிஏஜி கேக்குறது 4.5. ஹேஷ் 767676 வரைக்கும் அடர்த்தியாக்கினா தேறிடும், டிசைன் ஒண்ணும் கெட்டுப்போகாது. தப்பா நிரப்பினா பெட்டிய சுத்தி சிவப்பு மட்டும் காட்டுறதும் இதே கதைதான், எனக்கு அது வராது, சிவப்பு பச்சை பிரிச்சு தெரியாதவங்களுக்கும் வராது. "பின்கோடு ஆறு இலக்கம் இருக்கணும்"னு எழுத்துல போடுங்க, அந்த எழுத்த அந்த பெட்டியோட இணைங்க.

இப்ப நான் படிச்ச கதைக்கு வர்றேன், இத எழுதத்தான் மனசு ரொம்ப அடிச்சுக்குது. நான் ஹெச்டிஎம்எல் கத்துக்கிட்டது தமிழ் டுடோரியல் கேட்டுத்தான். கேட்டு. பாக்குறதுக்கு இல்ல. நிறைய வீடியோ இப்படி போகும்: "இப்ப இத எடுத்து இங்க போட்டுட்டு, இத இப்படி மாத்திட்டோம்னா, பாருங்க, இது இப்படி வந்துடுச்சு". நான் ஹெட்போன காதுல அழுத்திக்கிட்டு உக்காந்திருப்பேன். எத எடுத்தீங்க? எங்க போட்டீங்க? எப்படி வந்துச்சு? கீபோர்டு தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். அந்த சத்தத்த வச்சு எத்தன எழுத்துன்னு எண்ண முயற்சி பண்ணியிருக்கேன். ஒரு இருபது நிமிஷ வீடியோவ ரெண்டு நாள் கேட்டு, கடைசியில ஃபிளெக்ஸ்னு ஒரு வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டு அத கூகுள்ல தேடி இங்கிலீஷ்ல படிச்சு புரிஞ்சுக்குவேன்.

ஒரே ஒரு சார் வேற மாதிரி. அவர் டைப் பண்றத அப்படியே வாயாலயும் சொல்லுவார், "டிஸ்ப்ளே, கோலன், ஃபிளெக்ஸ், செமிகோலன், இப்ப சேவ் பண்றேன், மூணு பெட்டியும் கீழ கீழ இருந்தது இப்ப ஒரே வரிசையில இடமிருந்து வலமா நிக்குது"ன்னு. எங்களுக்காக சொன்னாரான்னா இல்லன்னுதான் நினைக்கிறேன், டியூஷன் எடுத்த பழக்கமா இருக்கும், சின்னப் பசங்களுக்கு சொல்ற மாதிரியே பொறுமையா சொல்லுவார். அவரோட மொத்த வரிசையையும் கேட்டு முடிச்சுதான் நான் இன்டர்வியூக்கு போனேன். என் முதல் சம்பளம் வந்த அன்னிக்கு அவருக்கு கமென்ட் போடலாம்னு போனேன், என்ன எழுதுறதுன்னு தெரியாம "நன்றி சார்"னு மட்டும் போட்டுட்டு வந்தேன். சார், இத நீங்க படிச்சீங்கன்னா, அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி இருந்தது இதுதான்.

அதனால வீடியோ போடுறவங்ககிட்ட கேக்குறேன், "இது, அது, இங்க"ன்னு வர்ற இடத்துல அதோட பேர சொல்லிடுங்க. பஸ்ல போய்க்கிட்டே கேக்குறவங்களுக்கும், ஆறு இன்ச் போன்ல உங்க கோடு எழுத்து எறும்பு மாதிரி தெரியுற பையனுக்கும் சேர்த்துதான் அது உதவும். முடிஞ்சா கேப்ஷன் போடுங்க, காது கேக்காத பசங்களும் கோடிங் படிக்கிறாங்க, அவங்களுக்கு உங்க வாய் அசையிறது மட்டும் போதாது.

தமிழ்ல சைட் பண்றப்ப மட்டும் வர்ற சில விஷயம் இருக்கு, இத இங்கிலீஷ் டுடோரியல் எதுவும் உங்களுக்கு சொல்லாது, நம்மதான் நமக்கு சொல்லிக்கணும். கோடு எழுதுற விஎஸ் கோட்ல ஆச்சரியக்குறி போட்டு டேப் அடிச்சா ஹெச்டிஎம்எல் எலும்புக்கூடு வந்து விழும்ல, அதுல லேங் அப்படிங்கிற இடத்துல இஎன்னு இருக்கும். இங்கிலீஷ்னு அர்த்தம். நீங்க உள்ள முழுக்க தமிழ்ல எழுதிட்டு அந்த இஎன்ன மாத்தாம விட்டா, ஸ்கிரீன் ரீடர் இங்கிலீஷ் குரல்ல படிக்கப் போகும். நான் முன்னாடி வச்சிருந்த ஒரு இங்கிலீஷ் குரல் தமிழ் எழுத்த அப்படியே முழுங்கிடும், எண்ண மட்டும் படிக்கும். ஒரு பள்ளி அட்மிஷன் அறிவிப்ப என் அக்கா மகனுக்காக தொறந்தேன், "15, 6, 10, 30, 500"ன்னு படிச்சுட்டு நின்னுடுச்சு. பதினஞ்சாம் தேதியா, பதினஞ்சு சீட்டா, ஐநூறு ரூபாயா ஐநூறு பேரான்னு ஒண்ணும் தெரியல. இஎன் இருக்கிற இடத்துல டிஏன்னு மாத்தியிருந்தா, தமிழ் குரல் இருக்கிற கம்ப்யூட்டர்ல அதுக்கு மாறி முழுசா தமிழ்ல படிச்சிருக்கும். ரெண்டு எழுத்து சார்.

இன்னொண்ணு பாமினி மாதிரி பழைய ஃபான்ட். இன்னமும் நோட்டீஸ், சுற்றறிக்கை, கேள்வித்தாள்னு நிறைய இதுலதான் அடிச்சு பிடிஎஃப் ஆக்கி ஏத்துறாங்க. திரையில "தமிழ்"னு அழகா தெரியும், ஆனா அதுக்குப் பின்னாடி உண்மையில இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். ஃபான்ட் அந்த இங்கிலீஷ் எழுத்து மேல தமிழ் வடிவத்த போத்தி காட்டுது, ஸ்கிரீன் ரீடருக்கு போர்வை தெரியாது, உள்ள இருக்கிறதத்தான் படிக்கும். ரெண்டு பக்க சுற்றறிக்கைய அப்படி கேட்டுப் பாத்தா உங்களுக்கே தலை சுத்தும். ஸ்கேன் பண்ணி போட்டோவா ஏத்தினா அதுவும் கிடையாது, முழு அமைதி. தமிழ் எழுத்த தமிழ் எழுத்தாவே சேமிக்கிற யூனிகோட்ல அடிச்சா தேடுனாலும் கிடைக்கும், காப்பி பண்ணினாலும் ஒட்டும், எங்களுக்கும் படிக்கும். உங்க ஸ்டூடன்ட் ஒருத்தன் நாளைக்கு ஊர்ல யாருக்கோ சைட் பண்ணிக்குடுக்கப் போறான், அவங்க பாமினில அடிச்ச ஃபைல கொண்டு வந்து குடுப்பாங்க, அத யூனிகோட்டுக்கு மாத்தித்தான் ஏத்தணும்னு அவனுக்கு தெரிஞ்சிருக்கணும்.

கொஞ்சமா பார்வை இருக்கிறவங்க என் ஃப்ரெண்ட்ஸ்ல நிறைய பேர், அவங்க சொல்றத கேட்டு எழுதுறேன். மெல்லிசான தமிழ் ஃபான்ட்ட வெளிர் சாம்பல்ல போட்டா முதல்ல காணாம போறது புள்ளிதான். கண் சரியா தெரியாதவங்களுக்கு "க்" எது "க" எதுன்னு தெரியாம வாக்கியத்தையே ஊகிச்சு படிக்கணும். அப்புறம் எழுத்த ரெண்டு மடங்கு பெருசாக்கி படிப்பாங்க, பெட்டிக்கு உயரம் இத்தன பிக்சல்னு அடிச்சு வச்சிருந்தா "கி"யோட கொக்கி மேல வெட்டுப்படும், "சு"வோட வால் கீழ வெட்டுப்படும். இங்கிலீஷ்ல வெட்டுப்பட்டா கூட ஒரு மாதிரி படிச்சுடலாம், தமிழ்ல கொம்பும் கொக்கியும் போனா எழுத்தே வேற. அதோட இங்கிலீஷ்ல நாலு எழுத்துல முடியுற சேவ் தமிழ்ல "சேமிக்கவும்"னு நீளும், அகலம் அடிச்சு வச்ச பட்டன்ல பாதி வெளிய தொங்கும். உயரத்தையும் அகலத்தையும் எழுத்து தீர்மானிக்கட்டும்னு முதல் சிஎஸ்எஸ் கிளாஸ்ல சொல்லிட்டா போதும்.

"எத்தன பேருக்காக இதெல்லாம்"னு ஒரு கிளாஸ்ல ஒரு மேடம் என்கிட்டயே கேட்டாங்க, கோவமா கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்க கேட்டாங்க. 2011 சென்சஸ் கணக்குல நாட்டுல மாற்றுத்திறனாளிங்க 2.68 கோடி, தமிழ்நாட்டுல மட்டும் 11.79 லட்சத்துக்கு மேல. அந்த கணக்குல வராத எங்கம்மாவையும் சேர்த்துக்கோங்க, அறுபத்திரெண்டு வயசு, கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடிக்கிட்டே கேஸ் புக் பண்றவங்க. கை ஒடிஞ்சு ஆறு வாரம் கட்டு போட்டிருக்கிறவர சேர்த்துக்கோங்க.

சட்டத்த பத்தி ரெண்டு வார்த்தை, ஏன்னா ஸ்டூடன்ட்ஸுக்கு இது கருணைன்னு தோணிடக் கூடாது. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வெப்சைட்டும் மின்னணு சேவையும் எங்களுக்கும் பயன்படணும்னு சொல்லிடுச்சு, தனியார் சேவையும் அதுல வருது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802ன்னு தனி தரமே போட்டிருக்கு. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட்டு, அணுகல் விதிகள வெறும் பரிந்துரையா வச்சிருக்கிறது செல்லாது, கட்டாயமான விதிகள் வேணும்னு சொல்லுச்சு. 2025 ஏப்ரல் 30ல வந்த தீர்ப்ப நான் என்விடிஏல முழுசா கேட்டேன். ஆசிட் வீச்சுல முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன், பார்வையில்லாத அமர் ஜெயின், ரெண்டு பேர் தரப்புலயும் தனித்தனியா போட்ட மனு. பேங்க் கேஒய்சில "கண்ண சிமிட்டுங்க"ன்னு கேமரா கேக்கும்ல, அவங்க எப்படி சிமிட்டுவாங்க? டிஜிட்டல் சேவைய அணுகுற உரிமை அரசியல் சட்டம் 21வது பிரிவு சொல்ற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு கோர்ட்டு சொல்லி 20 உத்தரவு போட்டுச்சு, சிமிட்டுறதுக்கு மாற்று வழி வேணும், பார்வையில்லாதவங்கள வச்சு டெஸ்ட் பண்ணணும்னு அதுல இருக்கு. அந்த தீர்ப்ப எழுதினது நீதிபதி ஆர். மகாதேவன், நம்ம சென்னை ஐகோர்ட்ல இருந்து போனவர். கேட்டு முடிச்சுட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அந்த பிரவுசிங் சென்டர் ஷட்டர்தான் ஞாபகம் வந்துச்சு.

வேலைவாய்ப்பு பத்தி கவலைப்படுறவங்களுக்கு ஒரு விஷயம். ஐரோப்பாவுல 2025 ஜூன் 28ல இருந்து அவங்க அணுகல் சட்டம் அமலுக்கு வந்துடுச்சு, ஆன்லைன் கடை, பேங்க், டிக்கெட்னு நிறைய அதுக்குள்ள வருது. அந்த வேலைய இங்க ஓஎம்ஆர்லயும் கோயம்புத்தூர்லயும் உக்காந்து நம்ம பசங்கதான் செய்றாங்க. நான் காலையில ஐரோப்பிய பேங்க் ஒண்ணோட ஃபார்ம டெஸ்ட் பண்றேன், ஒரு லேபிள் விட்டுப்போனா ரிலீஸே நின்னுபோகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சொந்த ஊர் வேலைக்கு ஒரு சைட்ட தொறந்தா "எடிட், பிளாங்க்". ரெண்டையும் எழுதினது ஒரே காலேஜ்ல படிச்ச பசங்களா கூட இருக்கலாம். நம்ம பசங்களுக்கு செய்யத் தெரியாம இல்ல, வெளிநாட்டு கிளையன்ட் கேட்டா மட்டும் செய்யவேண்டிய வேலைன்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அது பதியுறதுக்கு முன்னாடி அவங்க உங்க கையிலதானே இருக்காங்க.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஒரு வரி ஸ்கிரிப்ட் ஒட்டினா சைட் தானா ஆக்சசிபிள் ஆயிடும்னு விட்ஜெட் விக்கிறாங்க, ஓரத்துல ஒரு மனுஷ பொம்மை ஐகான் வரும். அத நம்பி பாடத்துல சேர்க்காதீங்க. 2025ல அமெரிக்க ஃபெடரல் ட்ரேட் கமிஷன் ஆக்சஸிபிங்கிற கம்பெனி இப்படி தவறா விளம்பரம் பண்ணினதா சொல்லி 10 லட்சம் டாலர் கட்ட வச்சுச்சு. லேபிளே இல்லாத பெட்டிக்கு அந்த விட்ஜெட் என்ன பேரு வைக்கும், ஊகிச்சுத்தானே வைக்கணும். குரோம்ல பேஜ சோதிச்சு மார்க் போடுற லைட்ஹவுஸ் ஸ்கோர் நல்லதுதான், ஓட்டிப் பாருங்க, ஆனா நூறுக்கு நூறு வந்த பேஜ்லயும் நான் மாட்டிக்கிட்டு நின்னிருக்கேன். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கான்னு டூல் பாக்கும், அதுல "படம்1"னு எழுதி வச்சிருக்கிறது தப்புன்னு அதுக்கு தெரியாது.

சிலபஸ் முடிக்கவே நேரம் பத்தலன்னு சொல்லுவீங்க, தெரியும். தனியா ஒரு யூனிட் கேக்கல, தனியா வச்சா கடைசி வாரத்துக்கு தள்ளிப்போய் பரீட்சைக்கு வராதுன்னு விட்டுடுவாங்க. படம் எடுக்குற அன்னிக்கு ஆல்ட்ட சேர்த்து எடுங்க, ஃபார்ம் எடுக்குற அன்னிக்கு லேபிள சேர்த்து எடுங்க, ஹெட்டிங் எடுக்குற அன்னிக்கு இது எழுத்து அளவுக்காக இல்ல, நான் ஹெச் கீய அடிச்சு ஒவ்வொரு தலைப்பா தாவிப் போறதே அத வச்சுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. புராஜெக்ட் மார்க்குல பத்து மார்க் ஒதுக்குங்க, மவுஸ பிடுங்கி வச்சுட்டு அவன் பண்ணின சைட்ட அவனையே கீபோர்டுல மட்டும் ஓட்டிக் காட்ட சொல்லுங்க. லேப்ல ரெண்டு சிஸ்டம்ல என்விடிஏ போட்டு வைங்க, காசு கிடையாது. உங்க ஊர்லயே பார்வையற்ற மாணவர்கள் எந்த காலேஜ்லயாவது படிச்சுக்கிட்டு இருப்பாங்க, அவங்கள டெஸ்ட் பண்ண கூப்பிடுங்க, கூப்பிட்டா பஸ் காசும் நேரத்துக்கான காசும் குடுங்க, அது வேலைதான்.

போன மாசம் ஒரு சென்டர்ல கூப்பிட்டாங்க, போயிருந்தேன். ஒரு பொண்ணு தான் பண்ணின பேக்கரி சைட்ட காட்டினா. நான் லேப்டாப்ப ஸ்பீக்கர்ல போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, வேகத்த குறைச்சு டேப் அடிச்சேன். "லிங்க். லிங்க். கிராஃபிக். லிங்க்"னு போச்சு, கேக் பேரு ஒண்ணுமே வரல. கிளாஸ் அமைதியா ஆயிடுச்சு. அந்த பொண்ணு ஒண்ணும் பேசல, நான் கிளம்பி வர்றதுக்குள்ள அங்கயே உக்காந்து திருத்தி, "இப்ப ஒரு தடவை கேளுங்க அக்கா"ன்னு கூப்பிட்டா. டேப் அடிச்சேன், "பிளாக் ஃபாரஸ்ட் கேக், அரை கிலோ, லிங்க்"னு சொல்லுச்சு. பின்னாடி இருந்து ஒரு பையன் கை தட்டினான். மொத்தம் பதிமூணு நிமிஷம் ஆச்சு, நான் வாட்ச்ல கேட்டேன்.

அடுத்த பேட்ச்ல நீங்க ஃபார்ம் எடுக்குற நாள் எதுன்னு சொல்லுங்க, சனி ஞாயிறுன்னா சென்னைக்குள்ள எங்கன்னாலும் வர்றேன், வெளியூர்னா வீடியோ கால்ல வர்றேன். லேப்டாப்பும் ஸ்பீக்கரும் நானே கொண்டு வந்துடுவேன்.

இப்படிக்கு,
உங்க வீடியோவ கேட்டு படிச்ச ஒரு ஸ்டூடன்ட்